முன்னாள் படைவீரர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் சுபேதார் ஐயா அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. டிசம்பர் 7 கொடிநாளுக்கு வழக்கம்போல வசூலித்துக் கொடுத்தோம். நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் பதிவை நம் சங்க அறையிலேயே வைத்துக்கொண்டதால், நடக்க முடியாத பெரியவர்களுக்கு அலைச்சல் மிச்சம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மீதி நேரத்தை நான் நம் மருத்துவத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டில், மறைந்த நம் ஹவில்தார் ஒருவரின் மனைவிக்கு நெஞ்சுவலி. முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான ஈசிஹெச்எஸ் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில், இதய ரத்தக்குழாயைப் பார்க்கும் ஆஞ்சியோ எடுக்க வெளி ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் போட்டுக் கொடுத்தார்கள். துணைக்கு நானும் போனேன். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே பிளாஸ்டிக் கவரில் ஈசிஹெச்எஸ் கார்டு, ரெஃபரல் சீட்டு, கணவர் படையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக். போனது திட்டத்தின் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிதான். கவுன்டரில் இருந்த பெண், "ஈசிஹெச்எஸ் இப்போ எடுக்கிறதில்லைம்மா, பணம் கட்டினா அட்மிஷன் போடலாம்" என்றார். அந்த அம்மா வாதாடவில்லை. டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். யாரும் அதைத் திறக்கவில்லை. மறுநாள் வளையலை அடகு வைத்த பிறகுதான் சிகிச்சை நடந்தது.

ஆஸ்பத்திரி அலுவலரிடம் பேசினேன். பில்லை ஆன்லைனில் ஏற்றி, அது பரிசீலனை முடிந்து, அனுமதி கிடைத்துப் பணம் வந்து சேர வேண்டும். பல மாதப் பாக்கி நிற்கிறது என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓய்வு பெறும்போதே நம்மிடம் பங்குத்தொகை பிடித்தாகிவிட்டதே! ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு 2017 கடைசியிலிருந்து அது 30,000 ரூபாய். நம் தரப்பில் பாக்கி எதுவும் இல்லை.

கோளாறு எங்கே? இந்தத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. அதற்கு ஆதாரம் 2002 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் போட்ட ஓர் உத்தரவு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. பணம் அந்தந்த ஆண்டு பட்ஜெட்டில் ஒதுக்குவதுதான். 2024-25இல் 6,968 கோடி, 2025-26க்கு 8,317 கோடி. தொகை கூடியிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் ஒரு வருஷம் போதாமல் போனால் பாக்கி நிற்கும். பாக்கி நின்றால் கதவு மூடும்.

மில் தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ என்ற காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே, அது 1948ஆம் வருஷச் சட்டம். அதற்கென்று தனி நிதி உண்டு என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டம், பணியின்போது நச்சுப் புகையில் பாதிக்கப்பட்ட படைவீரர்களின் சிகிச்சைக்குத் தனி நிதி வைத்தது. 31 மருத்துவ மையங்களுக்கு இடம் குத்தகைக்கு எடுக்கவும் அதே சட்டத்தில் அனுமதி கொடுத்தது. நாம் கேட்பதும் இப்படி ஒன்றைத்தான்.

ஜனவரிப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம்: திட்டத்துக்குச் சட்ட அந்தஸ்து வேண்டும், தனி நிதி வேண்டும், ஆஸ்பத்திரி பில்லுக்குக் கெடு வேண்டும், பாலிகிளினிக்குக்கு டாக்டரும் மருந்தும் குறையாமல் கிடைக்க வேண்டும். நம் எம்.பி.யை நேரில் பார்த்து மனு கொடுத்து, தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. தாமே கொண்டுவரும் மசோதா, கொண்டுவரக் கேட்டோம்.

"தனிநபர் மசோதா எங்கே சட்டமாகுது?" என்று கூட்டத்தில், படையில் நாயக் பதவியில் இருந்த ஓர் உறுப்பினர் கேட்டார். சரியான கேள்வி. 1970க்குப் பிறகு ஒன்றுகூட இரு அவைகளையும் தாண்டவில்லை. ஆனால் திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. அதுவே சட்டமாகவில்லை; அப்புறம் 2019இல் அரசே அந்தப் பொருளில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பேச்சு அவைக்குள் போக வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறோம்.

அந்த அம்மா கட்டிய பணத்தைத் திரும்பப் பெற எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்புகிறேன்.

எம்.பி.க்கு அடுத்த மனு போகிறது. கையெழுத்துப் போடாதவர்கள் பொருளாளர் மேஜையில் கார்டு எண்ணுடன் போட்டுவிட்டுப் போகவும். உங்களுக்கும் சிகிச்சை மறுக்கப்பட்டிருந்தால் தேதியையும் என்ன சொன்னார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுத வராதவர்கள் என் பக்கத்தில் உட்காருங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்