கல் உடைத்தவர்களும் வழிகாட்டட்டும்

பழைய சுரங்க ஊர்கள் சுற்றுலாவால் பிழைக்க முடியுமா என்று உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலேசியாவின் ஈப்போ வட்டாரத்து ஈயச் சுரங்கங்களை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், நம் சிங்கப்பூரிலேயே கூப்பிடு தூரத்தில் இருக்கும் புலாவ் உபின் தீவை ஏனோ விட்டுவிட்டார். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் ஜொகூர் கடற்பாலத்துக்கும் கருங்கல் கொடுத்த தீவு அது. 1999ல் அங்கிருந்த கடைசிக் கல்குவாரியும் மூடப்பட்டது. அப்புறம் பெக்கான் குவாரியில் நீர் நிறைந்து நாரைகள் குடியேறின; கேத்தாம் குவாரியைச் சுற்றி மலைச் சைக்கிள் பூங்கா வந்தது. சரி, இயற்கைக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்த இடத்தில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களே மிச்சம். சுற்றுலாவில் அவர்களுக்குப் பங்கு இல்லாவிட்டால் அது நீடித்த சுற்றுலா ஆகாது.

சென்ற பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு போயிருந்தேன். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேரும்வரை காத்திருந்துதான் படகு கிளம்பியது. தீவில் சைக்கிள் வாடகைக்கு விடும் மூதாட்டி, வெடி வைக்குமுன் சங்கு ஊதுவதையும், அவர் அம்மா ஓடிப்போய்ச் சன்னல்களைச் சாத்துவதையும் மலாயில் சொன்னார். பிள்ளைகள் சைக்கிளையே மறந்துவிட்டார்கள்! இத்தகையவர்களையும், தீவைவிட்டு வெளியேறிய முன்னாள் குவாரித் தொழிலாளர்களையும் ஊதியம் கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தலாம். பள்ளிச் சுற்றுலாக்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

– வாசகர், ஈசூன்