பால்சா ஷீட்டை ஈரத்தோடு ஒட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதிரி விமானத்தின் வளைந்த உடற்பகுதிச் சட்டத்தின்மீது பால்சா ஷீட் (பால்சா என்னும் மிக லேசான மரத்தின் மெல்லிய தகடு) போர்த்துவது பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே என்பதால், கட்டுரையாளருக்கு என் நன்றியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் ஷீட்டை நீரில் நன்றாக ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் சட்டத்தின்மீது ஒட்டிவிட வேண்டும் என்று அதில் கூறப்பட்டுள்ள யோசனையை அப்படியே பின்பற்றினால் மாணவர்களின் பல நாள் உழைப்பு வீணாகிவிடும். ஆகவே சில விளக்கங்களை எழுதுகிறேன்.

பால்சா நீரை உறிஞ்சும்போது நாரோட்டத்தின், அதாவது மரத்தின் நார்கள் ஓடும் திசையின், நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. குறுக்குவாக்கில்தான் விரிகிறது, காயும்போது அதே குறுக்குவாக்கில் சுருங்குகிறது. விரிந்த நிலையிலேயே ஒட்டப்பட்ட ஷீட் மறுநாள் சுருங்கும்போது, இரண்டு ஷீட்டுகள் சேரும் கோட்டில் இடைவெளி விழும். அங்கே பசை விடாமல் பிடித்துக்கொண்டாலோ, ஃபார்மர் எனப்படும் குறுக்குச் சட்டங்களுக்கு இடையில் ஷீட் உள்வாங்கி, விமானத்தின் பக்கங்கள் விலா எலும்பு தெரியும் மாட்டைப் போல ஆகிவிடும். அதைச் சமப்படுத்த உப்புத்தாளால் தேய்க்கப் போனால், தேய்மானம் முழுவதும் ஃபார்மரின் மேலுள்ள மேடான இடங்களிலேயே விழுந்து, 1.5 மி.மீ. தடிமனுள்ள ஷீட் அங்கே பாதியாக மெலிந்துவிடும். சயனோ எனப்படும் உடனடிப் பசையைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தப் பசை ஈரம் பட்டதும் இறுகத் தொடங்குமாதலால், ஷீட்டை நகர்த்திச் சரிசெய்ய அவகாசமே கிடைக்காது.

நீர் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஷீட்டின் வெளிப்பக்கத்தை மட்டும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால், அந்தப் பக்கம் விரிந்து, ஷீட் தானாகவே உட்பக்கமாக வளையத் தொடங்கும். இந்நிலையில் பசை எதுவும் இல்லாமல் அதைச் சட்டத்தின்மீது சுற்றி, துணிப்பட்டையாலோ ரப்பர் வளையங்களாலோ கட்டி, ஓர் இரவு முழுவதும் காயவிட வேண்டும். மறுநாள் கட்டை அவிழ்த்தால் ஷீட் சற்றே நிமிருமே தவிர, வளைவை இழக்காது. அதன்பின் ஓரங்களைச் சீராக்கி ஒட்டினால் பசைக்கு வேலை மிகக் குறைவு. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை ஷீட்டிலும் சட்டத்திலும் தடவி, இரண்டும் காய்ந்தபின் மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டும் முறையும் உண்டு. வளைவான இடங்களில் குண்டூசி குத்தித் துளைபோடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டுரையில் அறவே இடம்பெறாத விஷயம் மரத்தைத் தேர்ந்தெடுப்பது. ஈக்வடாரிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகும் பால்சா, நம் ஊர் இலவமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு ஷீட்டுகள்கூட ஒன்றுபோல வளைவதில்லை. வளர்ச்சி வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த ஷீட்டில் நாரோட்டம் நீண்ட கோடுகளாகத் தெரியும். இதைத்தான் ஏ-கிரெய்ன் என்கிறார்கள். அகலவாக்கில் எளிதில் வளையும் இந்த ஷீட்டே உடற்பகுதிக்கு ஏற்றது. மையத்திலிருந்து வெளிநோக்கி அறுத்த சி-கிரெய்ன் ஷீட்டின் முகத்தில் மினுமினுக்கும் புள்ளிகள் காணப்படும். விறைப்பான இந்த ஷீட் இறக்கையின் விலாச்சட்டங்களுக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் வளைக்க முயன்றால் நாரோட்டத்தோடு பிளந்துவிடும். எடையையும் பார்த்து வாங்க வேண்டும். 1.5 மி.மீ. தடிமனும் 75 மி.மீ. அகலமும் 915 மி.மீ. நீளமும் கொண்ட ஷீட், கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள மரமானால் சுமார் 10 கிராம் இருக்கும்; 160 கிலோ அடர்த்தியானால் 16 கிராமைத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே விலை வாங்கும் வியாபாரிகள், எடையையும் அறுப்பு வகையையும் ஷீட்டின்மீது குறித்து விற்றால் மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

மரத்தை வளைத்த வடிவிலேயே நிறுத்திப் பிடித்து ஒட்டும் முறைக்கு, முழு அளவு விமானத்திலேயே சிறந்த சான்று உண்டு. 1940 நவம்பர் 25 அன்று முதன்முதலில் பறந்த டி ஹாவிலாண்ட் மொஸ்கிட்டோ என்னும் பிரிட்டிஷ் போர் விமானத்தின் உடற்பகுதி, பிர்ச் மரத்தாலான மெல்லிய பிளைவுட்டுக்கு இடையில் பால்சாவை வைத்து, இடது, வலது என இரண்டு பாதிகளாக அச்சுகளின்மீது உருவாக்கப்பட்டது. பசை இறுகும்வரை உலோகப் பட்டைகள் அதை அழுத்திப் பிடித்திருந்தன. அதே விமானங்கள் சில 1944-இல் இந்தியாவில் மர இணைப்புகள் விட்டு விபத்துக்குள்ளானபோது, நம் வெப்பமும் ஈரப்பதமும் பசையைப் பாதித்தன என்பதோடு, தயாரிப்பின்போது இணைப்புகள் சரியாகப் பொருந்தவில்லை என்ற காரணமும் பேசப்பட்டது. இடைவெளியைப் பசையால் நிரப்பலாம் என்று எண்ணும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே திசையில் வளையும் பரப்புக்குத்தான் மேற்சொன்ன முறை பொருந்தும். மூக்கைப் போல இரு திசைகளிலும் வளையும் இடங்களில் முழு ஷீட்டை எவ்வளவு நனைத்தாலும் அது ஒரு பக்கம் மடிந்து, மறுபக்கம் கிழியும். அங்கே 6 முதல் 10 மி.மீ. அகலமுள்ள பட்டைகளை வெட்டி, இரு முனைகளையும் சற்றே ஒடுக்கி, பக்கத்துப் பட்டையோடு ஓரம் சேர்த்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் குறுக்கு வழி இல்லை. பட்டையானாலும் ஷீட்டானாலும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறிமாறி ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால், உடற்பகுதி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணிவிடும், பிறகு அதை நிமிர்த்த வழியே இல்லை.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டும் மாணவர்கள் பலர் தங்கள் நாளிதழைப் படிப்பவர்கள். தொடரின் அடுத்த பகுதியில் இத்திருத்தங்களை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே, மரத்தை இளக்க நீரில் அம்மோனியா கலப்போர் அதைக் காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்தே செய்ய வேண்டும் என்றும், பிளீச்சிங் பவுடரோ வேறு வெளுப்பானோ பட்ட பாத்திரத்தில் அம்மோனியாவை ஊற்றினால் நச்சு வாயு எழும் என்றும் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மாதிரி விமானப் பயிற்சியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.