பதம் கேட்ட சித்திக்கும் ஊராருக்கும்

கருங்கல் சுற்றுவட்டாரத்து உறவுகளே, முதுமை மறதியால் வழிதவறிக் காணாமல்போய், நீங்கள் எல்லாரும் தேடிய அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். நேற்றிரவு நன்றாக உறங்கினார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அன்று நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. டார்ச் விளக்கோடு குளத்தங்கரைவரை போன இளைஞர்கள், ஒலிபெருக்கியில் அறிவித்த கோயிலார், சபையார், காசு வாங்க மறுத்த ஆட்டோ ஓட்டுநர்கள், விடியும்வரை கட்டன்சாயா போட்டுக் கொடுத்த கடைக்காரர், மருத்துவமனைச் செவிலியர்கள், உங்கள் எல்லாரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஆனால் என்னை எழுத உட்காரவைத்தவர் கருப்பட்டி காய்ச்சும் சித்திதான். வீடு திரும்பிய பிறகு அம்மா சோற்றைத் தொடவில்லை; யாரையும் பக்கத்தில் விடவில்லை. வந்தவர்கள் பாசத்தோடுதான் கேட்டார்கள்: "என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள்." கேட்கக் கேட்க அம்மாவின் முகம் சுருங்கியது. சித்தி எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்து மெல்ல நடத்திப்போய்த் தன் அடுப்படியில் உட்காரவைத்தார். அக்கானி, அதாவது பதநீர், கொதித்துக் கொண்டிருந்தது. அகப்பையை நீட்டி, "மைனி, பதம் வந்துவிட்டதா? நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அம்மா ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வற்ற வேண்டும். தீயைக் குறை." பிறகு பேச்சு தானாக வந்தது. பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டது, விடியுமுன் சிரட்டைகளைக் கழுவி அடுக்கியது, பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு குறைந்ததற்கு அப்பாவோடு சண்டை போட்டது! எனக்கு முன் பிறந்து இறந்த குழந்தையின் நினைவும் வந்தது; அழுதார். சித்தி பேச்சை மாற்றவில்லை. முதுகைத் தடவியபடி கூடவே இருந்தார். அன்று அம்மா கஞ்சி குடித்தார்.

முதுமை மறதியில் அண்மைக்கால நினைவுகள் முதலில் நழுவும், இளமையில் பதிந்தவையும் கை பழகிய வேலையும் பெரும்பாலும் நெடுநாள் நிற்கும் என்று செவிலியர் ஒருவர் விளக்கினார். முதியவர்கள் கடந்த வாழ்வைத் திரும்பிப் பார்ப்பதை வெறும் புலம்பல் என்று ஒதுக்கக் கூடாது என அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இலேயே எழுதியிருக்கிறார். இப்போது பல நாடுகளில் அந்த நினைவுகளைப் படங்களோடு வாழ்க்கைக் கதை ஏடாகத் தொகுத்து, பராமரிப்பவர் கையில் கொடுக்கிறார்கள். சித்தியோ அம்மாவின் அனுபவத்தை மதித்து ஒரு யோசனை கேட்டார். எங்கள் வீட்டு ஏடு அங்கேதான் தொடங்கியது.

நோய் போய்விடவில்லை. இன்று காலைகூட "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று அம்மா என்னிடம் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் பேசும் காலம்வரை எழுதுவேன்.

அம்மாவைப் பார்க்க வாருங்கள்; பெயர் கேட்டுச் சோதிக்க வேண்டாம். உங்கள் பரணில் பழைய ஓலைப்பெட்டியோ, அந்தக் காலத்துக் கல்யாணப் படமோ, பனையேறிகளின் அரிவாள்பெட்டியோ கிடந்தால் சில நாள் இரவல் தாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.