மழைநாளில் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இதழில் வெளியான வாசகர் கடிதமொன்றில், காற்றும் மழையுமாக இருக்கும் நாட்களில் சின்னஞ்சிறு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அரச அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் வரும் பெற்றோரைப் பொறுப்பற்றவர்கள் என்று ஒருவர் கடிந்திருந்தார். சொட்டும் குடைகளுக்கிடையே நின்று அழும் பிள்ளையைக் காண்பவருக்கு எரிச்சல் வருவது இயல்பே. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு அது இன்னும் அதிகமாக வரும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஐந்து வயது மகனையும் மூன்று வயது மகளையும் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் குடியிருக்கும் தாய் என்ற வகையில் அவருக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரலாமே என்பது அவரது யோசனை. யாழ்ப்பாணத்தில் என் தாய் வீட்டிலென்றால் அது ஒரு பேச்சே அல்ல. அம்மம்மா இருப்பார், சித்தி இருப்பார், வேலிக்கு மேலால் குரல் கொடுத்தால் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிடுவார். இங்கே மாடிக் குடியிருப்பில் எதிர்க் கதவுக்காரரின் முகத்தை மின்தூக்கியில் மட்டுமே காண்கிறோம். கணவரின் வேலை நேரமும் அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரமும் ஒன்றே. முன்பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போகலாம் என்றால், பலத்த மழை என்றதும் விடியற்காலையிலேயே ‘இன்று விடுமுறை’ என்று ஆசிரியையின் செய்தி கைப்பேசிக்கு வந்துவிடுகிறது; அலுவலகங்கள் அவ்வாறு விடுமுறை விடுவதில்லை. ஆகவே, பிள்ளைகளை எங்கும் கொண்டுபோகக் கூடாத நாளில்தான் அவர்களை எங்கும் விட்டுச்செல்ல முடியாத நிலையும் ஏற்படுகிறது.

வேறு நாளில் போகலாமே என்பதும் சொல்வதற்கு எளிது. பாடசாலையில் முதலாந் தர அனுமதிக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில், அதாவது மே தொடக்கம் செப்டெம்பர் வரை நீடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்துக்குள்ளேயே கோரப்படுகின்றன. அந்நாட்களில் கடற்கரைப் பக்கமிருந்து காலி வீதிக்கு ஏறும் எங்கள் ஒழுங்கைகளில் வீசும் காற்று, விரித்த குடையை நாலடி வைப்பதற்குள் மறுபக்கம் புரட்டிவிடும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அதிபருக்கு அனுப்பலாம்தான். அதனோடு இணைக்க வேண்டியவற்றைச் சேர்ப்பதில்தான் அலைச்சல் முழுவதும் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், கடந்த ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் இருப்பதற்கான ஆதாரம், வீட்டு உறுதி அல்லது குத்தகை ஒப்பந்தம், மின்சார மற்றும் நீர்ப் பட்டியல்கள், தேவைப்படுமிடத்து சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாசல் ஏற வேண்டும். கிராம உத்தியோகத்தரை அவர் அலுவலகத்தில் இருக்கும் நாள் பார்த்துச் சந்திக்க வேண்டும். அவர் தந்ததைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோய் மேலொப்பம் பெற வேண்டும். இவற்றுக்கெல்லாம் இறுதித் திகதி உண்டு. மழைக்கு அது தெரியாது.

மின்கட்டணத்தையும் நீர்க்கட்டணத்தையும் இப்போது வீட்டிலிருந்தபடியே செலுத்த முடிகிறது. பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குக்கூட இணையத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். இந்த வசதிகளை நான் நன்றியோடு பயன்படுத்துகிறேன். இவ்வாறு கழித்த பின்னரும் மிஞ்சுபவை ஆள் நேரில் போயே தீரவேண்டியவை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மழையோ இன்னொரு விதம். காலையில் வெயில் எறிக்கும். பிற்பகலில் இடியுடன் கூடிய மழை என்று வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் சொல்லும், சொன்னபடியே பெய்யும். இதை அறிந்த தாய்மார் காலையிலேயே வாசலில் போய் நிற்கிறார்கள். எண் துண்டு பெற்று, ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்பப்பட்டு, ‘ஐயா சாப்பிடப் போய்விட்டார்’ என்ற பதிலையும் கேட்டு வேலை முடியும் வேளையில் முதல் இடி முழங்குகிறது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது போட்டோக் கொப்பி விடயத்தில்தான். அண்மையில் ஓர் அலுவலகத்தில் (எந்த அலுவலகம் என்பது முக்கியமல்ல; பல இடங்களிலும் இதே கதைதான்) நெடுநேரம் காத்திருந்து கருமபீடத்தை அடைந்தபோது, அடையாள அட்டையின் இரு பக்கங்களும் ஒரே தாளில் வரவேண்டும் என்று கூறப்பட்டது. நான் கொண்டுபோயிருந்தது இரண்டு தாள்கள். அப்படி ஒரு நிபந்தனை இருப்பதாக எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவ்வலுவலரின் முதுகுக்குப் பின்னால் துணி போர்த்தி வைத்த ஒரு கொப்பி இயந்திரம் இருந்தது. அது அலுவலகத் தேவைக்கு மட்டுமாம். கொப்பி எடுக்கும் கடையோ வீதியின் மறுபக்கத்தில். ஆவணங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகி, மகளைத் தூக்கிக்கொண்டு, மகனை என் சால்வையின் நுனியைப் பிடிக்கச் சொல்லி வீதியைக் கடந்தேன். கடவையில் நின்ற எங்கள்மீது சேற்றுநீரை அள்ளி வீசிக்கொண்டு ஒரு தனியார் பஸ் போனது. கடையில் ஒரே கொப்பிக்காக எங்களைப்போல் நனைந்து நின்றவர்கள் பலர். திரும்பி வந்தபோது எங்கள் எண் கடந்துவிட்டிருந்தது. வரிசையில் இருந்த ஒரு முதியவர், பிள்ளைகளின் நிலையைக் கண்டு தம் இடத்தை எமக்கு விட்டுத்தந்தார். அவர் வராத நாளில் அங்கு வரும் தாய்மாரின் கதி என்ன?

உள்ளே இடமில்லையென்று மக்களைப் படலைக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் இதைவிட ஆபத்தானது. மின்னலின்போது மரங்களின் கீழ் நிற்க வேண்டாமென்று அறிவித்தல் விடுகிறார்கள். ஆனால் அத்தகைய அலுவலகங்களின் வாசலில் மழைக்கு ஒதுங்க வீதியோர மரத்தை விட்டால் வேறு கதி இல்லை. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின்மீது மரம் சாய்ந்து ஐந்து பேர் உயிரிழந்ததைக் கொழும்பு மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1992 யூனில் ஒரே நாளில் ஏறக்குறைய 490 மில்லிமீற்றர் மழை கொட்டியதையோ, 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததையோ இங்கே துணைக்கு அழைக்கத் தேவையில்லை. ஒரு மணிநேரச் சாதாரண மழைக்கே வடிகானும் நடைபாதையும் ஒன்றாகிவிடுகின்றன. எனக்கு முழங்காலளவு நீர் என்பது என் மகளுக்கு இடுப்பளவு நீர். அதன் அடியில் மூடி இல்லாத குழி இருக்கிறதா என்பதை அவளைத் தூக்கியபடி காலால் தடவித்தான் நான் கண்டுகொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் பெருஞ்செலவு வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. மகளுக்கு மூன்று வயதில் போட வேண்டிய எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசிக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அதுவும் அரச அலுவலகந்தான், அங்கேயும் கூட்டந்தான். ஆயினும் வாங்குகள் கூரைக்குக் கீழே போடப்பட்டிருந்தன. காய்ச்சலோடு வந்த ஒரு பிள்ளைக்குக் குடும்பநல உத்தியோகத்தர் அட்டையைப் பார்த்து வேறு திகதி எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்க்கும் இடத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மற்ற அலுவலகங்களும் அவர்களை எதிர்பார்க்க வேண்டும். ஏனெனில் பிள்ளையின் பாடசாலைக்காகவும் பிள்ளையின் சான்றிதழுக்காகவுமே நாங்கள் அங்கே போகிறோம்.

எனவே நான் கேட்பது இவ்வளவே. என்னென்ன பிரதிகள், எந்த அளவில், எத்தனை வேண்டும் என்பதை மூன்று மொழிகளிலும் வாசலிலேயே எழுதி ஒட்டிவிட்டு, ஒரு கொப்பி இயந்திரத்தைக் கட்டணம் அறவிட்டேனும் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். மழை பெய்யும்போது ஒருவரையும் படலைக்கு வெளியே நிறுத்தக் கூடாது. வளிமண்டலவியல் திணைக்களம் செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் முடிவடையும் தவணைகளை அடுத்த வேலை நாளுக்கு மாற்ற வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் காட்டும் சலுகையைச் சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விடயத்தை ஓர் அலுவலரிடம் நான் சொன்னபோது, அப்படிச் செய்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று சிரித்தார். அடைமழையில் பிறர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதன் பால் போத்தலையும் மாற்றுடையையும் சுமந்து, அழுகையையும் அடக்கி வரிசையில் நிற்க ஒருவர் துணிவாரானால், அவருக்கும் முன்னுரிமை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
வாசகி,
கொழும்பு - 06