ஏரிப் பாசன விவசாயிகள் சங்கம், அணைக்கட்டு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–2025)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே உபரிநீர் வழிந்த ஆண்டில் வறட்சியைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று செயற்குழுவிலேயே சிலர் கேட்டார்கள். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்போதே பேசி முடிவெடுக்க வேண்டிய செய்தி இது என்று நம்புவதால் எழுதுகிறேன்.

2024 மே மாதத் தொடக்கத்தில் வேலூரில் வெயில் 42 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அந்த வாரத்தில்தான் உறுப்பினர்களின் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கும் பணியைத் தொடங்கினோம். முழத்துக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில் படிக்கல்லைக் கட்டி இறக்கினோம். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்துக் கயிற்றுத் தடம் இன்னும் கல்லில் பதிந்திருக்கும் ஒரு பழைய கிணற்றில், கல் தண்ணீரைத் தொடும் சத்தத்துக்காகக் காது கொடுத்து நின்றோம். பாறையில் மோதிய சத்தம்தான் கேட்டது. கிணற்றுக்குரிய பெரியவர் கயிற்றைத் தம் கையில் வாங்கி, இடம் மாற்றி மீண்டும் இறக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். இத்தனைக்கும் அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பை ஒட்டியே பெய்திருந்தது.

பெய்யும் மழை அதே அளவாக இருந்தாலும் கைக்கு வரும் தண்ணீர் குறைந்துகொண்டே போவதற்குக் காரணம் வெப்பம். காற்று 1 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரத்தை அது நம் ஏரியிலிருந்தும், மண்ணிலிருந்தும், பயிரின் இலையிலிருந்தும்தான் எடுத்துக்கொள்கிறது. நம்முடைய ஏரியைப் போல ஆழம் குறைந்து பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பில், கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஆவியாகிறது என்றால், மதகைத் திறக்காமலே மாதத்துக்கு அரை அடிக்கு மேல் நீர் போய்விடுகிறது. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021 அறிக்கையில், வறண்டுவரும் பகுதிகளில் முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வேளாண் வறட்சி, புவி 1 டிகிரி சூடேறிய நிலையில் 1.7 மடங்கும், 2 டிகிரி ஏறினால் 2.4 மடங்கும் அடிக்கடி வரும் என்று கணக்கிட்டிருக்கிறது.

நீண்ட வறட்சியின் கொடுமை என்னவென்றால், ஓராண்டின் குறை அடுத்த ஆண்டின் கணக்கில் ஏறுகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2018இலும் பருவமழை குறைந்தது. 2019 ஜூலையில் நம் மாவட்டத்திலேயே அப்போது இருந்த ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்குப் போனதை நாம் பார்த்தோம். 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. 1903க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளமில்லை என்றார்கள். அந்த வெள்ளத்தோடு, முந்தைய ஆண்டுகளில் பட்டதையும் மறந்துபோனோம் என்பதே என் வருத்தம்.

நம் மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை இருக்கும் சில பத்தடிகளில்தான் மழைநீர் தங்கும். அதற்குக் கீழே வெடிப்புகளில் உள்ளது மட்டுமே. உறுப்பினர் ஒருவர் கடன் வாங்கி மூன்று ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டார். மூன்றாவது 900 அடி. அதில் சில வாரங்கள் தண்ணீர் வந்தபோது பக்கத்துக் கழனிப் போர் நின்றது. பிறகு இரண்டுமே நின்றன. இன்று அவருடைய தென்னைகளில் பாதி மொட்டையாக நிற்கின்றன.

இவ்வாண்டு வட்டாட்சியர் அனுமதியுடன் ஏரியில் வண்டல் எடுத்தோம். வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றினோம். அதனால்தான் ஒரே மழையில் ஏரி நிரம்பியது என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். கால்வாயின் மேற்பகுதியில் உள்ள ஆக்கிரமிப்பை அளந்து தரக் கோரி உரிய அலுவலகத்தில் இருமுறை மனுக் கொடுத்தும் இன்னும் யாரும் வரவில்லை. மூன்றாவது மனு தயாராக உள்ளது.

செயற்குழு ஒரு தீர்மானத்தை ஒப்புதலுக்கு வைக்கிறது. பங்குனி முதல் தேதி எடுக்கும் கிணற்று அளவைப் பார்த்த பிறகே சொர்ணவாரி நெல் பட்டத்துக்கு நாற்று விடுவது. மட்டம் இறங்கியிருந்தால், ஏரியில் தண்ணீர் தெரிந்தாலும், ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டில் நெல்லை விட்டுக் கேழ்வரகு, உளுந்து, மல்லாட்டை (நிலக்கடலை) மட்டும் வைப்பது. புதிய போர் போட நினைப்பவர் முதலில் சங்கத்தில் தெரிவிப்பது. நெல் வைக்காதே என்று ஒரு விவசாயியிடம் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நானும் நெல் வைப்பவன் என்ற முறையில் அறிவேன். ஆகவே உறுப்பினர்கள் தங்கள் கருத்தைத் தயங்காமல் இங்கேயே கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அளவெடுப்பு வரும் மாதம் முதல் தேதி காலை ஆறு மணிக்கு, மோட்டார் போடுவதற்கு முன், மதகடியிலிருந்து தொடங்கும்.

இவண்,
செயலாளர்