ரீல் வாங்குவதற்கு முன்னால்

தண்டையார்பேட்டை,
மே மாதம்

அன்புள்ள மகனுக்கு நைனா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. தடைக்காலம் என்பதால் உன் மாமனுடைய லாஞ்சு காசிமேட்டில் கட்டிக் கிடக்கிறது. ஜூன் 14 முடிகிறவரை வீட்டில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டு அத்தையைத் திட்டுவதுதான் அவன் வேலை. சின்னவள் விஷயம் ஒருவழியாகப் பேசி முடித்தாயிற்று, அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஃப்ளை ஃபிஷிங் தூண்டிலில் நூல் சுற்றி வைக்கிற மூன்று ரீல்களின் படங்களை அனுப்பி, "நைனா, விலை கம்மியானதில் எது தேறும், லேத்காரர் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் "சரி நைனா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். அதனால் எழுதுகிறேன். பேத்தி இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

முதலில் இந்த ஃப்ளை ஃபிஷிங்கே எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைத்து வீடியோ போடச் சொல்லிப் பார்த்தேன். நம் கைத்தூண்டிலில் ஈயம் முன்னால் போய் விழும், தங்கூசி அதன் பின்னால் ஓடும். உன்னுடையதில் முள்ளில் கட்டியிருப்பது கோழி இறகும் நூலும், ஊதினால் பறந்துவிடும். அதனால் எறிகிற எடை நூலிலேயே இருக்கிறது. ஐந்தாம் நம்பர் நூலென்றால் முதல் முப்பது அடியின் எடை 140 கிரெயின், ஏறக்குறைய ஒன்பது கிராம். ஒரு சவரனுக்குக் கொஞ்சம் மேலே. அந்த எடையைத்தான் முப்பது அடிக்கு நீட்டிக் காற்றில் வீசுகிறாய். வீசும்போது ரீல் சுற்றுவதே இல்லை. நூலைக் கையால் உருவி விட்டுக்கொண்டுதான் எறிகிறார்கள்.

ஆகவே ரீலில் காசைக் கொட்டாதே. சின்ன மீனுக்கு அது நூல் சுற்றி வைக்கிற இடம், அவ்வளவுதான். கையில் இருக்கிற காசை நூலில் போடு. மட்டமான நூல் சுருண்டுகொண்டே இருக்கும், எந்த ரீலும் அதைச் சரிசெய்யாது. கழியில் கைப்பிடிக்கு மேலே 5 என்று எழுதியிருக்கிறதா பார். நூலும் அதே நம்பர், ரீலும் அந்த நம்பருக்கானதாக இருக்க வேண்டும்.

நீ விலை கம்மியானதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பத்தாவது படிக்கும்போது அந்த வெள்ளை ஷூவுக்காக அம்மா சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்தாள். குத்திக்காட்டவில்லை. விலை பார்த்து வாங்குவது நல்ல பழக்கம். திடீரென்று வந்திருக்கிறதே என்றுதான் பார்த்தேன்.

இப்போது படங்களுக்கு வருகிறேன். கறுப்பாக இருப்பது பிளாஸ்டிக். கிராஃபைட் என்று பெட்டியில் போட்டிருப்பான், நார் கலந்த பிளாஸ்டிக்தான். எடை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் அழுத்தினால் சட்டம் வளைந்து, நூல் சுற்றுகிற உருளை இருக்கிறதே, அந்த ஸ்பூல் உரசும். அது வேண்டாம். நீலமாகப் பளபளக்கிறதே, அது முழு அலுமினிய உருளையிலிருந்து கடைந்து எடுத்தது. படத்திலேயே டூல் ஓடிய கோடு தெரிகிறது, நல்ல வேலை. அந்த விலையை முதல் ரீலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நடுவில் சாம்பல் நிறத்தில் இருப்பது வார்ப்பு, டை காஸ்டிங். உருக்கிய அலுமினியத்தை அச்சுக்குள் அழுத்தி எடுப்பது. உள்ளே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் இருக்கும். ஆற்றுக் கல்லில் விளிம்பு மோதினால் வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். கீழே போடாதவரைக்கும் வருஷக்கணக்கில் உழைக்கும். வார்ப்பு என்றதும் மட்டமாக நினைக்காதே. எண்ணூரில் வார்த்த சிலிண்டர் பிளாக்கை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ லாரிகள் ஓடின. சாம்பலை வாங்கு.

கடையில் காசு கொடுப்பதற்கு முன்னால் ஸ்பூலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். லொடலொட என்றால் வைத்துவிடு. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறதா பார். ஒரு பக்கம் அகலமாக இருந்தால் நூலின் நுனியில் கட்டுகிற மெல்லிய நரம்பு அதில் நுழைந்து சிக்கும், மீன் ஓடுகிற நேரம் பார்த்துத்தான் சிக்கும். ஸ்பூலின் நடுக்குடம் பெரிதாக உள்ளதையே எடு. ஒரு சுற்றுக்கு நிறைய நூல் ஏறும், நூலும் ஸ்பிரிங் மாதிரி சுருளாது.

பிரேக்கைப் பற்றிக் கடைக்காரன் நிறையப் பேசுவான். பழைய வகையில் பல்சக்கரத்தை ஒரு நாக்கு டிக் டிக்கென்று தட்டும், நீ பிடிக்கிற ட்ரவுட் மீனுக்கு அதுவே போதும் என்கிறார்கள். புது வகையில் தட்டுகளை அழுத்தி நிறுத்துவது. எவ்வளவு கெட்டி என்று கேட்காதே. பிரேக்கை லேசாக வைத்து நூலை மெதுவாக இழு. முதல் இழுப்பிலேயே வெடுக்கென்று பிடித்து விட்டால் ஆகாது, மெல்லிய நரம்பு அங்கேதான் அறும். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். மீதிப் பிரேக் உன் உள்ளங்கை, ஓடுகிற விளிம்பில் வைத்து அழுத்த வேண்டியதுதான். வீட்டுக்கு வந்ததும் பிரேக்கைத் தளர்த்தி வை, இறுக்கியே வைத்தால் தட்டு அமுங்கிப்போகும்.

உனக்குப் பீச்சாங்கைப் பழக்கம். சோற்றுக்கு மட்டும் பாட்டி அடித்து மாற்றினாள். கழியை இடது கையில் பிடிப்பாய், அப்படியானால் வலது கையால் சுற்ற வேண்டும். பெட்டியிலிருந்து வருவது பெரும்பாலும் அதற்கு மாறாக இருக்கும். உள்ளே ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற பேரிங்கைக் கழற்றித் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். கடையிலேயே மாற்றித் தரச் சொல். நூலுக்கு அடியில் இருபது பவுண்டு தாங்கும் டேக்ரான் கயிறு நூறு கெஜம் சுற்று, பேரிங்கை மாற்றிய பிறகு சுற்று. பாட்டி காரியத்துக்கு நீ வரவில்லை என்று இன்னும் இரண்டு பேர் என்னிடம் கேட்கிறார்கள். விசா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ ஆற்றங்கரையில் நிற்கிற போட்டோ இங்கே வந்து விழுந்தபோது செவ்வாய் ராத்திரி பன்னிரண்டு மணி. உனக்கு அப்போது அதே செவ்வாய், பகல் பன்னிரண்டரை. லீவு போட்டிருப்பாய். போடு, லீவே எடுக்கமாட்டேன் என்கிறாய் என்று அம்மாவும் குறைபட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரமும் ஒரு படம் வந்தது, அதுவும் வாரநாள். போட்டோவில் வேறு யாரும் இல்லை. தண்ணீரில் தனியாக இறங்காதே. உங்கள் கனடாவில் ஓடுகிற அந்தப் போ (Bow) ஆறு பனிமலையிலிருந்து வருகிறது. ஜூனில்தான் பனி உருகிப் பாய்ந்து வரும். 2013 ஜூனில் கால்கரி ஊருக்குள்ளேயே வெள்ளம் வந்ததைப் பையன் காட்டினான். இடுப்புக்குமேல் வரும் அந்த ரப்பர் பேன்ட் போட்டால் மேலே பெல்ட்டை இறுக்கிக் கட்டு, விழுந்தால் உள்ளே தண்ணீர் சட்டென்று ஏறாது. பெல்ட் இல்லாமல் இறங்காதே. யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

மாமனிடம் சொன்னேன். பிடித்த ட்ரவுட்டை அங்கே திரும்ப விட்டுவிட வேண்டும் என்றதும் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "வுட்டுட்டு வர்றதுக்கு எதுக்குடா ரீலு, சும்மா கரையில குந்திக்கினு பார்த்துட்டு வரச் சொல்லு." அவனுக்கு என்ன தெரியும். நம் நீலகிரியிலும் அதே மீன் இருக்கிறது, அவலாஞ்சியில் 1907லேயே குஞ்சு பொரிக்கும் இடம் கட்டினார்கள் என்று சொன்னேன். அதை யார் வாங்கித் தின்பார்கள் என்றான்.

இந்தத் தெருவில் முதல் இன்ஜினியர் நீ. பைப்லைன் டிசைன் என்றால் என்ன என்று டீக்கடையில் நான் விளக்காத ஆள் இல்லை. இப்போது யாராவது கேட்டால் மீன் பிடிக்கிறான் என்கிறேன், அதற்கும் சந்தோஷம்தான் படுகிறார்கள். எண்ணெய் விலையைப் பற்றிப் பேப்பரில் ஏதேதோ போடுகிறான். நான் அந்தப் பக்கத்தை அம்மாவிடம் கொடுப்பதில்லை.

இந்த மாதம் பணம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். எனக்குச் சீட்டு விழுந்திருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் கூட இப்போது அவசரமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் காசில் நல்ல நூலாக வாங்கு. ரீலில் கொட்டாதே. போன் எந்த நேரத்திலும் பண்ணு. உனக்குப் பகலாக இருந்தாலும் பண்ணு, ராத்திரி எனக்கு எப்படியும் தூக்கம் வருவதில்லை.

வாங்கியதும் ஸ்பூலைக் கழற்றி உள்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. வெளியே எல்லா ரீலும் பளபளப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து நான் ஒன்றும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
நைனா