ஒரு மொடியூல் போனாலும் விசிறி நிற்காது: காப்புரிமைப் பரிசோதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் மதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசோதிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் பொறியியல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர் நான். என்னிடம் படித்த ஒரு மாணவன் இப்போது டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக வேலை செய்கிறான். பேட்டரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும், அவன் உருவாக்கிய மின்வலு மாற்றி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விரைவில் உங்களுக்கு விண்ணப்பம் வரும். எழுதுவதற்கு நான் கூட இருந்து உதவுகிறேன். விண்ணப்பம் இன்னும் உங்கள் மேசைக்கு வரவில்லை, ஆகவே இது முறைப்பாட்டுக் கடிதம் இல்லை. மொடியூல்களால், அதாவது தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய சின்ன அலகுகளால், ஆன மின்வலு மாற்றியைப் பரிசோதிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும், கண்டதை எப்படி எழுதித் தர வேண்டும் என்பதில் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மலையகத்தில் இனி விண்ணப்பிக்கப்போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்பதால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பறித்து வரும் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து பெரிய விசிறியால் காற்றடித்து 12 மணி நேரத்துக்கும் மேலாக வாட்டுவார்கள். விசிறி பாதியில் நின்றால் கொழுந்துக்குள் சூடு ஏறும். ஏறிய சூடு தரத்தைக் கெடுத்துவிடும், பிறகு ரோலரில் என்ன வித்தை காட்டினாலும் அது திரும்பாது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்காத காலம் அது. தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரும் எலக்ட்ரீஷியனும் இரவெல்லாம் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று கொழுந்தைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மின்வெட்டு போன பிறகும் தொல்லை போகவில்லை. விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கடையில் வாங்கும் டிரைவ் ஒரே பெட்டியாக வரும். அதன் மூடியைத் திறந்தால் பலகை முழுக்கத் தேயிலைத் தூசு. மழைக்காலத்தில் அந்தத் தூசு ஈரத்தை இழுத்துப் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒரு நாள் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஐஜிபிடி என்ற பாகம் ஒன்று வெடித்துவிடும். வெடித்தது ஒரே ஒரு பாகம்தான், ஆனால் பெட்டி முழுவதும் செத்துப்போகும். பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை அந்தத் தொட்டி சும்மா கிடக்கும்.

அவன் யோசித்தது இங்கிருந்துதான். பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன மொடியூல்கள். ஒவ்வொன்றிலும் 48 வோல்ட் பேட்டரி, நான்கு ஆளிகள் (சுவிட்சுகள்), மின்னைத் தேக்கிவைக்கும் ஒரு கப்பாசிட்டர். மோட்டருக்குப் போகும் மூன்று மின் வழிகளில் (பேஸ்களில்) ஒரு பேஸுக்கு ஏழு மொடியூல்களைத் தொடராகக் கோத்தால் 336 வோல்ட் கிடைக்கும். 230 வோல்ட் ஆடலோட்டத்தின் (ஏசி மின்சாரத்தின்) உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட், ஆகவே இது போதும். மொடியூல்களை வரிசையாகச் சேர்த்தும் விலக்கியும் 15 படிகளில் ஏறி இறங்கும் அலை ஒன்றைச் செய்யலாம். மோட்டருக்கு அது நல்ல அலைதான்.

ஒரு மொடியூல் பழுதானால் என்ன ஆகும்? மிச்சம் ஆறு, அதாவது 288 வோல்ட். முழு வேகத்துக்கு அது போதாது. ஆனால் மூன்று பேஸிலும் ஆறு ஆறாக வைத்துக்கொண்டு, வோல்ட் குறைந்த அளவுக்கு அதிர்வெண்ணையும் 50 ஹேர்ட்ஸிலிருந்து 44 அளவுக்கு இறக்கினால் மோட்டர் ஒழுங்காகச் சுழலும். காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் குறையும், விசிறி இழுக்கும் வலு வேகத்தின் மும்மடியோடு குறையும். அதனால் காற்றில் பத்தில் ஒரு பங்கு கொஞ்சம் கூடக் குறைந்தாலும், செலவாகும் வலு ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கொழுந்து வாடும். காலையில் ஆள் வந்து பழுதான மொடியூலைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது.

இதுவரை சொன்னதில் எதற்கும் நாங்கள் காப்புரிமை கேட்கவில்லை. ஏனென்றால் இது எதுவும் புதிதில்லை. ஒரே மாதிரியான பாலச் சுற்றுகளை, அதாவது நான்கு ஆளிகள் கொண்ட இப்படிப்பட்ட சுற்றுகளைத், தொடராகக் கோத்துப் படிப்படியான அலை எடுக்கும் முறைக்கு வில்லியம் மெக்மரே 1971 இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதே வழியில் பெரிய மோட்டர்களை ஓட்டும் டிரைவுக்குப் பீட்டர் ஹமண்ட் 1997 இல் பெற்றார். பழுதான மொடியூலை ஒதுக்கிவிட்டு மற்றவற்றோடு ஓடும் முறை 1999 இல் இன்னொரு காப்புரிமையாக வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ரைனர் மார்க்குவார்ட், பேட்டரி இல்லாமல் ஆளிகளும் கப்பாசிட்டரும் உள்ள மொடியூல்களை நூற்றுக்கணக்கில் அடுக்கும் வடிவத்தைத் தந்தார். 2010 இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அடியில் 400 மெகாவாட் கொண்டுபோகும் நேரோட்டக் (டிசி) கேபிள் அந்த வடிவத்தில்தான் ஓடத் தொடங்கியது. தலவாக்கலையில் இருக்கும் எங்கள் மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாட். அதில் இரண்டரை மடங்குக்கு மேல் ஒரே கேபிளில் போகிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிறகு அவனுடைய கண்டுபிடிப்புதான் எது? மொடியூல்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன, ஒன்று விழுந்ததை மற்றவை எப்படி அறிந்து அதன் இடத்தை நிரப்புகின்றன, பலவீனமான பேட்டரியை எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்பதில் அது இருக்கிறது. அதற்கு மேல் இங்கே எழுத முடியாது. விண்ணப்பத் திகதிக்கு முந்திய ஓராண்டுக்குள் கண்டுபிடித்தவரே வெளியிட்டதை அவருக்கு எதிராக எடுக்காமல் விட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இடம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. இந்த மடலில் நான் ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டால் அங்கே அவனுடைய வழி அடைபட்டுப்போகும்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

மொடியூல் மாற்றி என்றவுடன் பரிசோதகரின் கண்ணில் முதலில் படுவது சுற்றுப்படத்தில் மொடியூல்களைக் குறிக்கும் பெட்டிகள்தான். எல்லாம் ஒரே பெட்டி, பழைய படத்திலும் அதே பெட்டி. 'தெரிந்த மொடியூல்களைத் தெரிந்த விதத்தில் கோத்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது மிகவும் எளிது. ஆனால் 1971 க்குப் பிறகு இந்தத் துறையில் நடந்த வேலையில் பெரும்பகுதி பெட்டிக்குள் நடக்கவில்லை. கப்பாசிட்டர்களின் அழுத்தத்தை எப்படிச் சமமாக வைப்பது, கைகள் எனப்படும் மொடியூல் வரிசைகளுக்கு இடையே சுற்றிவரும் ஓட்டத்தை எப்படி அடக்குவது, பழுதை எத்தனை விரைவில் பிடிப்பது என்று பெட்டிகளுக்கு இடையில்தான் நடந்திருக்கிறது. தயவுசெய்து அங்கே பாருங்கள்.

பார்த்ததை அம்சம் அம்சமாக எழுதுங்கள். புதியதல்ல என்று சொல்வதானால், எதற்குக் காப்புரிமை வேண்டும் என்று விண்ணப்பதாரர் எழுதும் உரிமைக் கோரிக்கையில் உள்ள ஒவ்வொரு அம்சமும் எந்த ஒரே ஆவணத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். நான்கு ஆவணங்களிலிருந்து நான்கு துண்டுகளை எடுத்து ஒட்டிவைத்துப் புதுமை இல்லை என்று சொல்ல முடியாது. அது இரண்டாவது கேள்விக்கு உரியது, அதாவது துறை தெரிந்த ஒருவருக்கு இது இயல்பாகவே தோன்றியிருக்குமா என்ற கேள்விக்கு. அந்தக் கேள்விக்கு வரும்போதும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் கையாளும் வரிசையைப் பின்பற்றினால் நல்லது. மிக நெருக்கமான ஆவணம் எது, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், அந்த வித்தியாசத்தால் என்ன பயன் கிடைத்தது, அந்தப் பயனைத் தேடிய ஒரு பொறியியலாளர் இந்த வழியை எடுத்திருக்க முடியுமா என்பதோடு நிற்காமல் உண்மையில் எடுத்திருப்பாரா, எடுக்க அவருக்கு என்ன காரணம் இருந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விடை சொன்ன பிறகு எந்த விடுகதையும் சுலபம். விண்ணப்பத்தைப் படித்து முடித்தவருக்கு அந்தக் கண்டுபிடிப்பு ஏற்கனவே தெரியும், அதனால் அது எளிதாகத்தான் தெரியும். அம்சம் அம்சமாக எழுதும் கட்டாயம் இருந்தால்தான் பரிசோதகர் விண்ணப்பத் திகதிக்கு முந்திய நாளில் போய் நிற்க முடியும்.

எனக்குள்ள பெரிய கவலை இன்னொன்று. கண்டுபிடிப்புகளாகக் கருத முடியாதவற்றின் பட்டியலில் விஞ்ஞானக் கோட்பாடுகளையும் கணித முறைகளையும் நமது சட்டம் சேர்த்திருக்கிறது. அது சரிதான். பைதகரஸ் தேற்றத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது. ஆனால் மொடியூல் மாற்றியின் உயிர் அதன் கட்டுப்பாட்டு விதியில் இருக்கிறது, விதியைத் தாளில் எழுதினால் அது கூட்டல், பெருக்கல், ஒப்பிடல் என்றுதான் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கணித முறை என்று தள்ளிவிடக்கூடாது. அந்த விதி ஓடுவதால் எந்த ஆளி எப்போது திறக்கிறது, எந்தப் பேட்டரியில் எவ்வளவு ஓட்டம் போகிறது, கடைசியில் விசிறி சுழல்கிறதா நிற்கிறதா என்பது மாறுகிறது. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விளைவு அது. விதியைத் தனியாகக் கேட்டால் மறுக்கலாம். அந்த விதியால் இயங்கும் மாற்றியைக் கேட்டால் முழுப் பொருளாக எடைபோட வேண்டும்.

விண்ணப்பதாரர் முன்பு வெளியான ஆவணங்களைத் தேடிப் பார்த்துத் தரப்படும் சர்வதேச வகைத் தேடல் அறிக்கையைத் தானே இணைக்கலாம், இல்லையென்றால் கட்டணம் செலுத்தி உள்நாட்டில் தேடும்படி கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. மலையகத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இரண்டாவது வழியில்தான் வருவார்கள். அப்படியானால் அவர்களுக்குக் கிடைக்கும் முழுத் தொழில்நுட்பப் பதிலும் உங்கள் பரிசோதகர் எழுதும் அந்தச் சில பக்கங்கள்தான். மறுப்பாகவே இருக்கட்டும். எந்த அம்சம் பழையது, எது தப்பி நிற்கிறது என்று தெரிந்தால் கோரிக்கையைச் சுருக்கித் திருத்தலாம், சுற்றை மாற்றி இன்னொன்று செய்யலாம். ஒரு வரி மறுப்பை வைத்துக்கொண்டு ஒரு எலக்ட்ரீஷியன் என்ன செய்வான்?

அந்தப் பக்கங்கள் தமிழிலும் வர வேண்டும். 1987 இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வெளிநாட்டு ஆவணங்களை மொழிபெயர்த்துத் தரச் சொல்லவில்லை, சுற்றுப்படங்களை நாங்கள் வாசித்துக்கொள்வோம். பரிசோதகர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்ற காரணப் பகுதியை மட்டும் தமிழில் தாருங்கள். பாடசாலையில் மின்னியலைத் தமிழில் படித்து, தமிழில் பரீட்சை எழுதி வந்தவர்கள் இவர்கள். கொள்ளளவி (கப்பாசிட்டர்) என்றாலும் ஆடலோட்டம் என்றாலும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சட்டத்தரணியின் ஆங்கிலத்தை நம்பிப் பதில் எழுதும்போதுதான் தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பிலேயே தடுமாறுகிறார்கள்.

நேரில் விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் வீடியோ அழைப்பில் சொல்ல இடம் கொடுங்கள். தோட்டத்தில் வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் கிடையாது. கொழும்புக்கு வந்து திரும்பினால் பஸ் கூலியோடு அன்றைய பேரும் போகும். இரண்டு முறை அழைத்தால் மூன்றாம் முறை பலர் வரமாட்டார்கள், விண்ணப்பம் அப்படியே காலாவதியாகும்.

நான் கேட்பது எங்களுக்கு மட்டும் தளர்வான பரிசோதனை என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் கோரிக்கை அகலமாக இருந்தால் தாராளமாக வெட்டுங்கள். அதே கத்தரிக்கோலைப் பெரிய நிறுவனங்களின் கோரிக்கைகளிலும் வையுங்கள். 'தொடராகக் கோத்த மொடியூல்களும் பழுதானதை விலக்கும் வழியும் கொண்ட எந்த மாற்றியும்' என்பது போன்ற ஒரு கோரிக்கை இலங்கையில் தப்பித் தவறி நிறைவேறிவிட்டால், விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு ஹட்டனிலும் பதுளையிலும் உள்ள எந்தச் சின்னப் பட்டறையும் அந்தப் பக்கம் போக முடியாது. மெக்மரேயும் ஹமண்டும் பெற்ற உரிமைகளின் காலம் முடிந்துவிட்டது, அந்த அறிவு இன்று எல்லோருக்கும் பொது. அதை யாரும் புதுப் பெயரில் திரும்ப வேலி போடாமல் காப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எங்கள் விண்ணப்பத்தோடு ஓர் அட்டவணையும் வரும். இடது பக்கம் கோரிக்கையின் ஒவ்வொரு அம்சமும், வலது பக்கம் நாங்கள் தேடிக் கண்ட மிக நெருக்கமான ஆவணமும், அதில் எது இருக்கிறது எது இல்லை என்ற எங்கள் கருத்தும் இருக்கும். மூன்றாவது நிரலை வெறுமையாக விட்டிருக்கிறோம். அதைப் பரிசோதகர் நிரப்பித் தர வேண்டும் என்பதே வேண்டுகோள். இயந்திரத்தை ஓடும் நிலையில் பார்க்க விரும்பினால் கொழுந்து நிறைய வரும் ஒரு நாளில் வாருங்கள். மொடியூல் ஒன்றை நீங்களே உங்கள் கையால் கழற்றிப் பார்க்கலாம், தொழிற்சாலை நிர்வாகம் அதற்குச் சம்மதித்திருக்கிறது.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பாட ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.